பாலை மரத்து மஞ்சள் துணி

காட்டுப்பள்ளிக்குப் போகிற வழியில், மணல்மேட்டின் மேல் மிச்சமிருக்கும் காட்டைத் துறைமுகத்துக்கு இடம் கேட்டு வந்த கம்பெனிக்காரர்கள் ‘புதர்’ என்றார்கள். புதராம்! அங்கே நிற்கிற பாலை மரங்களை வெள்ளைக்காரன் காலத்தில் சுண்ணாம்புச் சூளைக்கு வெட்டித் தள்ளினார்கள். வெட்டின கட்டையிலிருந்தே நாலைந்தாகக் கிளம்பி மறுபடி மரமானவை அவை. அந்த நிழலில் இருக்கும் கிணற்றில்தான் குப்பத்துக்கு நல்ல தண்ணீர். மற்ற கிணறெல்லாம் உப்பும் அனல்மின் நிலையச் சாம்பலும்.

சங்கமித்ரா வியாசர்பாடிக்காரி, பௌத்தக் குடும்பம். மீன்பிடிக்கிற வரதனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். எந்தச் சாமிக்கும் கை கூப்பாதவள். ஆனாலும் மரங்களில் வெட்டுவதற்குச் சிவப்புப் பெயின்டால் குறி போட்ட அன்று, பெரிய பாலையில் மஞ்சள் துணியைச் சுற்றிக் குங்குமம் அப்பியது அவள்தான். யாரிடமும் சொல்லவில்லை. அம்மன் வந்துவிட்டாள் என்று ஊரே திரண்டது. புல்டோசர் திரும்பிப் போனது.

அதற்குப் பிறகுதான் அவள் போட்ட கணக்கு தப்பியது. அம்மனுக்குக் கோயில் வேண்டாமா? வரதனின் அண்ணன் தாமோதரன் முன்னால் நின்றார். டைல்ஸ் நாங்களே தருகிறோம் என்றது கம்பெனி. சுற்றியிருந்த மரங்களைத் தள்ளி மண்டபம் கட்ட ஜேசிபி வந்து நின்றது. கம்பெனியால் முடியாததைப் பக்தி செய்யப் பார்த்தது. எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சங்கமித்ரா எல்லோருக்கும் முன்னால் அந்தத் துணியைப் பிய்த்து எறிந்தாள்.

“அம்மனும் இல்ல, இன்னாவும் இல்ல. நான்தான் கட்டுனேன்.”

“சாமி குத்தமாய்டும், போ அப்பால!” தாமோதரன் கையை ஓங்கினார்.

“ஆவட்டும் மாமா, என் தலையில விடியட்டும். வோணும்னா என்னை அடி. மரத்துல எவனாச்சும் கை வெச்சான், அப்பறம் கீது!”

அவர் அடிக்கவில்லை. அம்மனே இல்லையென்றால் கோயில் எதற்கு? ஜேசிபி போய்விட்டது. ஊர் அவளோடு பேசுவதை நிறுத்தியது. கிணற்றடியில் அவளைக் கண்டால் பெண்கள் விலகினார்கள். அவள் சட்டை செய்யவில்லை, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தே நடந்தாள்.

துணி போன சேதி கேட்டுக் கம்பெனி ஆட்கள் மறுபடி வந்தார்கள். சங்கமித்ரா தனியாகத்தான் மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் குப்பமே குடமும் கையுமாக வந்து அவளைச் சுற்றி நின்றது. அம்மன் போனாலும் தாகம் போகவில்லையே.

“சாமிதான் இல்லைன்னு ஆயிடுச்சே, இன்னும் என்ன?” என்று சிரித்தார் சூப்பர்வைசர்.

தாமோதரன் முன்னால் வந்தார்.

“சாமி இல்ல. நாங்க கீறோம். இப்ப வெட்டு, பாப்போம்.”