இடது பின்சக்கரம்

காரின் டாஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு விளக்கு எரிகிறது. ஷாக் அப்சார்பர் பழுது என்று சொல்லும் விளக்கு. ஒருமுறை அதை நான் பொய்யாக அணைக்கச் செய்தேன்.

என் மனைவிக்கு முதுகெலும்பில் புற்றுநோய். வாரந்தோறும் திருப்பதியிலிருந்து சித்தூர் வழியாக வேலூருக்குச் சிகிச்சைக்குப் போவோம். சிறு பள்ளமும் அவளைத் துடிக்கவைத்தது. அதற்காகவே, மருமகன் வேண்டாமென்று தடுத்தும், பழைய சொகுசுக் கார் ஒன்றை வாங்கினேன். அதன் ஷாக் அப்சார்பருக்குள் இருப்பது நுண்ணிய இரும்புத்துகள் கலந்த எண்ணெய். சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் கணினி உள்ளேயுள்ள கம்பிச்சுருளுக்கு மின்சாரம் அனுப்பும். காந்தப்புலத்தில் துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ள, எண்ணெய் கெட்டிப்படும். மின்சாரம் நின்றால் இளகும். கண்ணிமைப்பதற்குள் இது பலமுறை நடக்கும். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். சமையலறைக் கிண்ணத்தில் நல்லெண்ணெயும் இரும்புத்தூளும் கலந்து, காந்தம் வைத்து அவளுக்குக் காட்டினேன். "உங்கள மாதிரியேதான்," என்றாள். "பொண்ணு போன் பண்ணா எளகிடுவீங்க. என்கிட்ட மட்டும் கரண்ட் ஓடிக்கினே இருக்கும்." இருவரும் சிரித்தோம்.

சில மாதங்கள் அவள் தூங்கியபடியே வேலூர் போய்வந்தாள். பிறகு இடது பின்சக்கரத்தில், அவள் உட்காரும் பக்கம், எண்ணெய் கசிந்து கம்பிச்சுருளும் அறுந்தது. விளக்கு எரிந்தது. புதியது வர ஒரு மாதமாகும் என்றார் சித்தூர் மெக்கானிக். அதுவரை வாடகைக் கார் பிடித்திருக்கலாம். ஆனால் வாங்க வேண்டாமென்று தடுத்த மருமகன் கண்ணில் அந்த விளக்கு படக் கூடாது என்பதே என் கவலை. சுருளுக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை, அதாவது சிறு மின்தடையத்தை, இணைத்துக் கணினியை ஏமாற்றச் சொன்னேன். புதியதை வரவழைக்கவும் சொல்லவில்லை. "லைட்டு அணையும் சார். அடி நிக்காது," என்றார் அவர்.

அடுத்த பயணத்தில், வண்டி தூக்கிப்போடுகிறது என்றாள் மனைவி. "லைட்டே எரியல பாரு. வண்டி நல்லாத்தான் இருக்குது. எல்லாம் உன் மனசு," என்றேன். அவள் எட்டிப் பார்த்தாள், நம்பினாள். அதன்பின், வலிக்கிறதா என்று எப்போது கேட்டாலும், ஜன்னலுக்கு மேலிருந்த பிடியை இறுகப் பற்றியபடி, "இல்லீங்க" என்பாள். மூன்று மாதம் அப்படியே வந்தாள். பிறகு அவளும் இல்லை, வேலூர் போகவேண்டிய தேவையும் இல்லை.

போன வாரம் அந்த ரெசிஸ்டரைப் பிடுங்கச் சொன்னேன். மெக்கானிக்கையே ஓட்டச் சொல்லி, அவள் இடத்தில் உட்கார்ந்தேன். குடிபாலா வேகத்தடையில் விழுந்த அடி முதுகில் ஏறிக் கழுத்துவரை வந்தது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ரொம்ப அடிக்குதா சார்?"

என் கை மேலே பிடியில் இருந்தது.

"இல்லப்பா," என்றேன்.

முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.