கப்பலும் கம்பளியும்

"ஐயா, இந்த வாரமும் கப்பல் முழுகிருச்சுங்களே?"

போன சனிக்கிழமை பதுளை பஜாரில், சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கேட்டவர் முடி வெட்டும் வேலு. சவரக்கத்தி என் கழுத்துப் பக்கம் இருந்தது. மறுத்துப் பேச முடியுமா?

விஷயம் உங்களுக்கும் தெரிந்ததுதான். பனிப்பாறையில் மோதி மூழ்கிய அந்தப் பெரிய கப்பலை இந்தப் பத்தியில் அடிக்கடி மிதக்க விடுவேன். கர்வத்தைப் பற்றி எழுதினாலும் கப்பல். அவசரத்துக்கும் கப்பல். மாமியார் மருமகள் சண்டைக்கும் ஒருமுறை கப்பல்... வாரா வாரம் எழுதுகிறவனுக்கு, எந்தத் தலைப்புக்கும் ஒத்துவருகிற உதாரணம் ஒன்று கிடைத்தால் விடுவானா?

இதே கப்பலைத்தான் என் மனைவி மரகதத்தின் தலையிலும் கட்டப் பார்த்தேன்.

மரகதம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. நுழைவுப் பரீட்சையைப் போன வருடமும் எழுதினாள். கட்டுரையில் போயிற்று. கொடுத்த ஒரு மணி நேரத்தில் பாதி, நல்ல உதாரணம் தேடுவதிலேயே கழிந்துவிட்டதாம். இந்தத் தடவையும் தவறினால் வயது தாண்டிவிடும். பிறகு காலில் விழுந்தாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அவளுக்குத் தூக்கம் போயிற்று. எனக்கு உபதேசம் பொங்கியது.

"மூணே மூணு உதாரணம் கையில வச்சுக்க. கப்பல், ரோமாபுரி, தேனீ. எந்தத் தலைப்பு வந்தாலும் வளைச்சுப் போட்டுடலாம்."

"ரோமாபுரி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க."

"எனக்கு மட்டும் தெரியுமா? எழுத வேண்டியதுதான்."

"கப்பலும் வேணாங்க. பேப்பர் திருத்துறவங்களும் உங்க பத்தியைப் படிப்பாங்க. களவெடுத்து எழுதினேன்னு நெனச்சுட்டா?"

இது புகழ்ச்சியா, குத்தலா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"அப்ப நீ என்னதான் வச்சிருக்க?"

"கம்பளி."

தோட்டத்தில் ஆளுக்கொன்று கொடுப்பார்களே, அந்தக் கறுப்புக் கம்பளிதான். சிரித்துவிட்டேன். சரி, பார்த்துவிடுவோம் என்று, அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது தலைப்புகளை எடுத்து வீசினேன்.

"சிக்கனம்."

"புதுசுல மழைக்குத் தலையில போடுவோம். பழசானா புள்ளைக்குத் தொட்டில். கிழிஞ்சா சூட்டோட சட்டி இறக்க."

"ஒற்றுமை."

"லயத்து வரிசை வீடுகள்ல யாருக்காச்சும் முடியலைன்னா, கம்பளியைக் கம்புல கட்டி, அதுல படுக்க வச்சுத் தூக்கிக்கிட்டுப் போவோம் டிஸ்பென்சரிக்கு. தூக்குறது ஒரு வீட்டு ஆளுங்க இல்லீங்க, பத்து வீட்டு ஆளுங்க."

மடக்கியே தீர வேண்டும் என்று, "விஞ்ஞானம்" என்றேன்.

ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "ஆகாசத்துல ரொக்கெட் விடுறாங்களாம். மழையில கொழுந்து எடுக்கிறவங்களுக்கு இன்னும் அதே கம்பளிதான்."

நான் அடுத்த ரொட்டிக்குத் தட்டை நீட்டினேன்.

பரீட்சை நாள் வந்தது. பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றேன். வெளியே வந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை.

"கட்டுரைக்கு என்ன தலைப்பு?"

"கடற்பயணம்."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. என் கப்பலுக்கென்றே பிறந்த தலைப்பு அல்லவா? "கப்பலை எழுதினியா?"

"இல்லீங்க. கம்பளியைத்தான் எழுதினேன்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். இவள் கடலையே கண்ணால் கண்டதில்லை. கடலுக்கும் கம்பளிக்கும் என்ன சம்பந்தம்? அப்துல் காதருக்கும் அமாவாசைக்கும் உள்ள சம்பந்தம்தான். படிப்பும் போச்சு, வேலையும் போச்சு என்று முடிவுகட்டினேன். கோபத்தில் அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன்.

பாதி வழியில் அவளே எட்டிப் பிடித்துச் சொன்னாள்.

"எங்கப்பாவுக்கு மூணு வயசு இருக்கிறப்பதான் தாத்தா குடும்பத்தோட இந்தியாவுலருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினாரு. அலைச் சத்தம் கேட்டதுமே அப்பா ஒரே அழுகையாம். தாத்தா கம்பளியை எடுத்து அவரைத் தலையோட மூடிட்டாரு. கரை வந்தப்பறந்தான் தொறந்து விட்டாராம். எங்கப்பா கடலைத் தாண்டித்தாங்க வந்தாரு. ஆனா இன்னிவரைக்கும் கடலைப் பார்த்ததில்ல. அதைத்தான் எழுதினேன்."

முன்னால் நடந்த நான், வீடுவரை அவளுக்குப் பின்னால் நடந்தேன்.

மரகதம் தேறிவிட்டாள். நேற்றுக் காலையில்தான் ரயிலேற்றிவிட்டு வந்தேன். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நான் சுட்ட ரொட்டியை நாயும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவள் ஜெயித்தது சந்தோஷம்தான்... ஆனால் பக்கத்தில் இல்லையே.

எந்தத் தலைப்புக்கும் வளைகிற உதாரணம் வேண்டுமா? தெரியாத ஊரில் போய்த் தேடாதீர்கள். நாம் தினமும் போர்த்திப் பழகியதுதான், இழுத்த பக்கமெல்லாம் வரும். மூன்று உதாரணம் தேவையில்லை. நன்றாகத் தெரிந்தது ஒன்று போதும்.

ரயில் நகரும்போது, ஜன்னல் வழியாக ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். "நான் இல்லாத நேரம் பார்த்து, என் கம்பளியை எடுத்து உங்க பத்தியில போட்டுடாதீங்க."

கல்லூரி விடுதியில் இந்தப் பத்திரிகை வாங்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன்.