ஏழாவது காணி

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கிற மார்க்கம் நகரத்தின் வடக்கு எல்லையில் சோளக்காட்டை வாங்கி வீடு கட்டி விற்கப்போகிறவர்கள் முதலில் ஒரு ட்ரெயிலரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதற்குள் இருந்த விற்பனைக்காரன் கொடுத்த வரைபடம் ஒன்று அத்தானிடம் இருந்தது. பச்சை, மஞ்சள், இளநீலம் என்று பெட்டி பெட்டியாகக் காணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம். தெருவுக்குப் பெயர் வைத்திருந்தார்கள், தெருதான் இன்னும் வரவில்லை. மடித்து மடித்தே அந்தத் தாள் கிழிந்துபோய், அக்கா பின்பக்கத்தில் டேப் ஒட்டிக் கொடுத்திருந்தா. வேலைக்குப் போகும்போதும் அது அவருடைய ஜக்கெற் பைக்குள் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் எடுத்து விரித்து, தன்னுடைய பெட்டி இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடித்து வைப்பாராம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நான் கனடாவுக்கு வந்து இறங்கியதிலிருந்து வெக்ஸ்போர்டில் இருந்த அவர்களுடைய அப்பாட்மென்டில்தான் ஆறு வருடம் இருந்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என்னைத்தான் பிள்ளை, பிள்ளை என்று வைத்துப் பார்த்தார்கள். அத்தான் தங்கமான மனிதர், ஆனால் பொல்லாத சந்தேகக்காரர். கடையில் வாங்கின அரிசி மூட்டையை வீட்டுத் தராசில் வைத்து நிறுப்பார். வங்கியிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து வந்தால், உவங்கள் என்னத்துக்கு அடி போடுறாங்கள் என்று இரண்டு நாள் யோசிப்பார். டொக்டர் குளிசையை மாற்றிக் கொடுத்தால், இவ்வளவு காலமும் தந்தது என்ன குளிசை என்று அவரிடமே கேட்பார். இந்த உலகத்தில் அவர் சந்தேகப்படாமல் விட்டுவைத்தது இரண்டே பேரை. ஒன்று அக்கா, மற்றது நான். கடிதமோ படிவமோ எது வந்தாலும் என் கையில்தான் தருவார். "பிள்ளை வாசிச்சாச் சரி" என்பார்.

புது வீட்டுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிற எங்கள் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலை உண்டு. குடும்பத்தோடு காரில் ஏறிப்போய்ச் சேற்றைப் பார்ப்பது. பிளாஸ்கில் தேத்தண்ணி, பெட்டியில் ரோல்ஸ், கோயிலுக்குக் கட்டின சேலை. கம்பி வேலிக்கு வெளியே நின்று, இதில்தான் குசினி வரும் என்று வெறும் வெளியைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். நாங்களும் நின்றோம். அத்தானுக்கு ஆனால் ஒரு மனக்குறை இருந்தது. வீடு என்றால் நல்ல நாள் பார்த்து அத்திவாரக் கல் வைக்க வேண்டும். இங்கேயோ பெக்கோ மெசின் எப்போது வந்து கிடங்கு கிண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லப்போவதில்லை. உவங்கள் அட்டமி நவமியில் கிண்டினாலும் கிண்டுவாங்கள் என்று அவர் நித்திரையில்லாமல் திரிந்தார். கடைசியில் ரொறன்ரோ நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பார்த்து, அவங்கள் கிண்டுவதற்கு முன்னம் நாங்களே எங்கள் அலுவலை முடித்துவிடுவது என்று தீர்மானித்தார்.

சித்திரை மாதம், பனி கரைந்த ஒரு ஞாயிறு காலை. உள்ளே வரக்கூடாது என்று பெரிய எழுத்தில் பலகை போட்டிருந்தது. அதைத் தாண்டி மூன்று பேரும் போனோம். அக்காவின் கையில் ஒரு சின்னச் செப்புக் குடம். உள்ளே நவதானியம், மஞ்சள் துண்டு, அக்காவின் பழைய தோட்டிலிருந்து எடுத்த ஒரு பொட்டுப் பொன். குடத்தின் வாயைச் சிவப்புத் துணியால் கட்டியிருந்தோம். காணிக்குக் காணி மரக்கட்டை அடித்துச் செம்மஞ்சள் ரிபன் கட்டியிருந்தார்கள், ஆனால் கட்டையில் எழுதின இலக்கம் மழைக்கும் பனிக்கும் அழிந்துபோயிருந்தது. அத்தான் வரைபடத்தை என்னிடம் நீட்டினார். "எண்ணு பிள்ளை. மூலையிலை இருந்து ஏழாவது." நான் எண்ணினேன். ஏழாவது துண்டின் வடகிழக்கு மூலையில், பின் எல்லையோடு கிண்டிக் குடத்தை வைத்தோம். கற்பூரம் மூன்று தரம் காற்றில் அணைந்தது. நாயோடு நடந்துபோன ஒரு வெள்ளைக்காரர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். சேற்றுக்குள் பட்டுச் சேலையோடும் புகையோடும் நின்ற நாங்களும் கையைக் காட்டினோம்.

இரண்டு மாரி கழித்து வீடு எழும்பியது. அவர்கள் குடிபோனார்கள், நான் தனியாக வேறு இடம் பார்த்துக்கொண்டேன். அந்த ஊர் வளர்ந்த வேகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அதில் நம்பிக்கை வருவதில்லை. போன வருடம் சோளம் நின்ற இடத்தில் இந்த வருடம் பல் டொக்டர், வங்கி, பார்மசி என்று வரிசையாக நிற்கும். மூன்று விதமான முகப்பைத் திருப்பித் திருப்பி வைத்து ஒரு தெருவையே கட்டியிருந்தார்கள். விருந்துக்கு வந்தவர்கள் பிழையான வீட்டு மணியை அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். ஆறு கார் ஒன்றாகப் போகக்கூடிய றோட்டு, நடக்கிற ஒரு ஆளைக் காணமுடியாது. கராஜ் கதவு தானாகத் திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும். யார் வந்தது, யார் போனது என்று அடுத்த வீட்டுக்குத் தெரியாது. தெரியாததால்தான் எல்லோரும் வாசலில் கமரா பூட்டினார்கள் என்று நினைக்கிறேன். தெருவுக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு இருந்தது. கறுப்பு ஜக்கெற் போட்ட ஒரு ஆள் இரண்டு தரம் போய்வந்ததாக ஒருநாள் அதில் படம் போட்டிருந்தார்கள், கவனமாயிருங்கள் என்று. பார்த்தால் அக்கா. அத்தானுடைய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு தெருமுனைத் தபால் பெட்டிக்குப் போயிருக்கிறா. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அவவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இரண்டு தரம் பழகப் போய், பயந்து விட்டுவிட்டா. வெக்ஸ்போர்டில் அது ஒரு குறையாகவே இருக்கவில்லை. கீழே இறங்கினால் பஸ், எதிரே மரக்கறிக் கடை, லிப்டுக்குள் நாலு வாய்க் கதை. இங்கே பஸ் தரிப்புக்கு இருபது நிமிடம் நடக்க வேண்டும். அத்தான் விடிய வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவார். அதுவரை நாலு அறை வீட்டுக்குள் அவ தனிய. அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக்கு மன்னார் ஆட்கள் வந்தார்கள். கத்தோலிக்க வேதக்காரர். வீட்டுக்காரரை அண்ணை என்போம், பஸ் ஓடுகிறவர். அவருடைய மனைவி ஊரில் படிப்பித்தவ என்பதால் எல்லோருக்கும் ரீச்சர். ரீச்சர் கார் ஓட்டுவா. செவ்வாய்க்கிழமை மீன்கடை, வெள்ளிக்கிழமை அக்காவைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, தான் காருக்குள் இருந்து செபமாலை சொல்லி முடித்துப் பிறகு கூட்டிக்கொண்டு வருவா. அக்கா என்னோடு போனில் கதைக்கிறதே குறைந்துபோனது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது, ஆனால் அவ சந்தோஷமாக இருந்தா.

அடுத்த கோடையில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வேலி போட்டார்கள். அண்ணையும் அத்தானும் தாங்களே கிடங்கு வெட்டினார்கள். நானும் அன்று போயிருந்தேன், ரீச்சர் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து தந்தா. பின்மூலைக் கட்டைக்கு அண்ணை தன்னுடைய பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தபோது அலவாங்கு எதிலோ டங் என்று பட்டது. குனிந்து எடுத்தார். பச்சை பிடித்த செப்புக் குடம், வாயில் உக்கின சிவப்புத் துணி. அண்ணை அதைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டு ஐந்தடி பின்னால் போனார். "செய்வினை" என்றார். ரீச்சர் சிலுவை போட்டுக்கொண்டா. எங்களுடைய குடம்தான் என்று அத்தான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே சிரிப்போடு முடிந்திருக்கும். அவர் குடத்தைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். பிறகு அலவாங்கை வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அத்தானுடைய கணக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது. குடம் வைத்தது தன்னுடைய காணியில். அது இப்போது இருப்பது அவனுடைய காணியில். ஆகவே நல்ல நேரத்தில் புனிதப்படுத்தின காணியை, விற்பனைக்காரனைக் கைக்குள் போட்டு அவன் மாற்றி எடுத்திருக்கிறான். அண்ணைக்கு நல்ல ரூட் கிடைத்ததும், அத்தானுடைய நிலக்கீழ் அறையில் தண்ணீர் ஊறினதும், அத்தானுடைய தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்ததும் எல்லாமே அதற்குச் சாட்சியாகிவிட்டன. வேலிக்கு அந்தப் பக்கத்திலும் அதே விளையாட்டுத்தான். குடத்தைக் கண்டதும் அத்தானுடைய முகம் மாறியதை அண்ணை பார்த்துவிட்டார். செய்வினை வைத்தது அத்தான்தான் என்று முடிவு கட்டி, பங்குச் சுவாமியாரைக் கூப்பிட்டு வளவெல்லாம் தீர்த்தம் தெளித்தார்கள்.

எனக்கு என்ன நடந்தது என்று அன்று பின்னேரமே தெரியும். வரைபடத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் முதலாவதாக இருந்த ஒடுக்கமான துண்டு வீட்டுக் காணியே அல்ல. பூங்காவுக்குப் போகிற நடைபாதைக்கு விட்டது. நான் அதையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். நாங்கள் குடம் வைத்தது ஆறாவது காணியில். அண்ணையின் காணியில். யாரும் எதையும் மாற்றவில்லை, படித்த பிள்ளைக்கு ஏழு வரை எண்ணத் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

நான் சொல்லவில்லை. வெட்கம். பிள்ளை வாசிச்சாச் சரி என்கிற அந்தக் குரலை இழக்க மனம் வரவில்லை. இரண்டு கிழமையில் ஆறிவிடும் என்றும் நினைத்தேன். ஆறவில்லை. ரீச்சரின் காரில் ஏறக்கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு வந்தது. அத்தான் வாசல் மணியோடு ஒரு கமரா பூட்டினார், ஆள் வந்தால் வேலைத்தலத்தில் இருந்தே அவர் போனில் பார்க்கலாம், பேசலாம். ஒரு செவ்வாய்க்கிழமை நான் லீவில் அங்கே இருந்தேன். ரீச்சர் வந்து மணியை அடித்தா. அக்கா கதவடிக்குப் போய்ப் பிடியில் கைவைத்தா. அதற்கு முன்னம் மணிக்குள் இருந்து அத்தானுடைய குரல் வந்தது. "அவ வீட்டிலை இல்லை." கதவுக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் ரீச்சர், நடுவில் வேலைத்தலத்து இரைச்சலோடு அந்தக் குரல். ரீச்சர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனா. அக்கா கையை எடுக்காமல் அப்படியே நின்றா. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சீ, என்ன மனுசி நான்!

மூன்று வருடம் இப்படியே போனது. போன பங்குனியில் மன்னார் ஆட்கள் வீட்டை விற்றுவிட்டு ஒஷாவாவுக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் சோளக்காட்டை அழித்துக் கட்டின புது வீடாம். சாமான் ஏற்ற ட்ரக் வந்த அன்று அக்கா மேல்மாடி யன்னலில் நின்று பார்த்தா என்று அத்தானே எனக்குச் சொன்னார், ஏதோ துப்பறிந்த ஆள் மாதிரி.

அடுத்த ஞாயிறு போனேன். குசினி மேசையில் அக்கா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா, அத்தான் எதிரே இருந்தார். போனில் படத்தைத் திறந்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நடைபாதை, ஆறு, ஏழு, நான் எண்ணின பிழை. அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வங்கிக் கடிதத்தையும் அரிசி மூட்டையையும் பார்க்கிற பார்வை அது. என்மேல் அதுவரை விழுந்ததில்லை.

"ஆர் உன்னை உப்பிடிச் சொல்லச் சொன்னது? ரீச்சர் ஒஷாவாவிலை இருந்து கதைச்சவவோ?"

நான் அழுதேன், சத்தியம் பண்ணினேன். அந்தத் தாள் எப்போதோ துண்டு துண்டாகிப் போய்விட்டது, இப்போது போனில் படத்தை எப்படியும் மாற்றலாம் என்றார். அவர் நம்பாததை என்னால் தாங்க முடிந்தது, ஒருவகையில் அது எனக்கு வசதியாகக்கூட இருந்தது. அக்கா கையைத் துடைத்துவிட்டு அவரிடமிருந்து போனை வாங்கினா. விரலை மூலையில் வைத்து மெல்ல எண்ணினா. ஏழில் நிறுத்தினா. போனை என் பக்கம் தள்ளிவிட்டுக் கத்தியைத் திரும்ப எடுத்தா.

"மூண்டு வருசமா உனக்குத் தெரியும், என்ன?" என்று மட்டும் கேட்டா.

நான் இப்போது சனிக்கிழமைகளில் கடைக்கோ கோயிலுக்கோ கூட்டிப்போகட்டுமா என்று கேட்பேன். வேண்டாம் என்பா. கோபமாக இல்லை, எதையும் குத்திக் காட்டுவதும் இல்லை. போன மாதம் அந்த அகன்ற றோட்டில் காரில் வந்துகொண்டிருந்தபோது பஸ் தரிப்பில் ஒரே ஒரு ஆள் நிற்பதைக் கண்டேன். அக்கா. கையில் சாப்பாட்டுப் பெட்டி வைத்த ஒரு பை. நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, எங்கே போகிறாய் என்று கேட்டேன். ஒஷாவாவுக்கு என்றா. மூன்று பஸ் மாற வேண்டும், ஒரு பகலே போய்விடும். ஏறு அக்கா, முக்கால் மணித்தியாலம்தான், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"பஸ் வரும். நீ போ" என்றா.

பின்னால் வந்த கார் ஹோர்ன் அடித்தது. நான் போனேன்.