வராத காய்ச்சல்

ஆவூர் அடைக்கலமேரி டீச்சர் வீட்டு டிவியில் எப்போதும் யாராவது இருமிக்கொண்டே இருப்பார்கள். கப்பலில் கொள்ளைநோய், ரயிலில் கொள்ளைநோய், அடுக்குமாடியில் கொள்ளைநோய் என்று தமிழில் பேசவைத்த வெளிநாட்டுப் படங்களாகத் தேடிப் பிடித்துப் பார்ப்பார். மற்றவர்கள் பயந்துபோய்ச் சேனலை மாற்றுவார்கள். டீச்சருக்கோ பொறாமையாக இருக்கும். கதவைப் பூட்டிவிட்டால் படத்தில் ஒருவரும் ஒருவரை விட்டுப் போக முடியாதே! கணவர் இறந்து, ஒரே மகள் டயானாவும் மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனபின், இவரை விட்டுப் போவதற்குக்கூட வீட்டில் ஆள் கிடையாது.

இந்த வருஷம் தேர்த் திருவிழா சமயத்தில் டயானா லீவில் வந்தாள். ஒரு ராத்திரிதான் தாய் வீடு. மறுநாளே குளத்தூரில் மாமியார் வீடு. வந்தவள் இரண்டு தடவை இருமினாள். கார் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். டீச்சர் நைசாகக் கொல்லைப்பக்கம் போய்ச் சம்பந்தி அமலராணிக்குப் போன் போட்டார்.

"புள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குதுங்க. அங்கிட்டு ஏதோ புதுச் சீக்கு பரவுதாமே. ஒங்க வீட்டுல பச்சப்புள்ள இருக்கு. திருவிழா முடியட்டும், அனுப்பிவிடுறேன்."

திருவிழாச் சாப்பாடு வரைக்குமாவது மகள் கூட இருப்பாளே என்ற நப்பாசைதான். ஆனால் அமலராணியின் வாய் சும்மா இருக்குமா? பொழுது சாய்வதற்குள் சேதி ஆவூருக்கே திரும்பி வந்துவிட்டது. மருமகன் லியோ காரோடு வந்து, டயானாவைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் ரத்தம், சளி எல்லாம் டெஸ்ட் எடுத்தான். இருமலைக் கேட்டு அம்மா பயந்துபோய்ச் சொல்லியிருப்பாள் என்று டயானாவும் கூடப் போனாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றானதும் இருவரும் அப்படியே குளத்தூர் போய்விட்டார்கள்.

தேர் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் டீச்சர் வீட்டில் கை நனைக்காமல் போனதே இல்லை. இந்தத் தடவையும் அண்டா நிறையக் கறிச்சோறு ஆக்கிவைத்தார். ஆனால் சீக்கு என்ற சேதி பரவிய வேகத்தில் ஒன்றும் இல்லை என்ற சேதி பரவவில்லை. தம்பி ஆரோக்கியமுத்து மட்டும் கேட் வரை வந்தார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"அக்கா, ஒடம்பப் பாத்துக்க. இன்னொரு நாளைக்கி வாரோம்."

"எனக்கு ஒண்ணும் இல்லடா. உள்ள வா."

"இல்லக்கா, கூடப் புள்ளைங்க இருக்கு."

டீச்சர் உள்ளே போய் அண்டாவை மூடிவைத்தார். செய்ததைச் சொல்லிவிடலாம் என்றுதான் மகளுக்குப் போன் போட்டார். வாய் வேறு எதையோ சொன்னது.

"எனக்கும் லேசாக் காய்ச்சல் அடிக்குது பாப்பா. ஒரு எட்டு வந்துட்டுப் போறியா?"

டயானா நர்ஸ் அல்லவா, நிதானமாகப் பேசினாள்.

"பயப்படாதம்மா. கதவச் சாத்திக்கிட்டுத் தனியா இரு. யாரையும் கிட்ட விடாத. நானும் இப்ப வரக்கூடாதும்மா, ஃப்ளைட் ஏறணும்ல."

"சரி பாப்பா" என்றார் டீச்சர்.