சத்தமில்லாத சாலமோன்

பாளையம்பட்டி விலக்கில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சாலமோனுக்கு ஊர் வைத்த பெயர் ‘சத்தமில்லாத சாலமோன்’. வாயை வைத்து வந்த பெயர் இல்லை அது. அந்த வாய் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட ஓயாது என்று சாமியாரே வருத்தப்பட்டிருக்கிறார். பெயர் கை வேலைக்கு. அவர் தொட்ட எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று தடவிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஓடுகிற எஞ்சின் மேல் நாலணாவை விளிம்பில் நிறுத்திக் காட்டுவார், விழாது. அந்தப் பெயர்தான் அவருக்குச் சோறு, சொத்து, சொர்க்கம் எல்லாம்.

அறுபதுகளில் அருப்புக்கோட்டையில் கார் வைத்திருந்தது நூல் வியாபாரிகளும் பருத்தி மண்டிக்காரர்களும்தான். பகலெல்லாம் விசைத்தறிச் சத்தத்தில் காது அவிந்தவர்கள், காரிலாவது நிம்மதி வேண்டும் என்றார்கள். நியாயம்தானே. சாலமோன் அதற்குச் செய்த வித்தை ரொம்பச் சின்னது. எஞ்சினில் வால்வுக்கும் அதைத் தட்டுகிற கைக்கும் நடுவே கம்பெனிக்காரன் மயிரிழை இடைவெளி விட்டிருப்பான். சூட்டில் இரும்பு நீளும், நீண்டாலும் வால்வு முழுசாக மூட வேண்டும் என்பதற்காக. டிக்டிக் சத்தம் அந்த இடைவெளியில்தான் வரும். சாலமோன் அதைக் கம்பெனிக்காரனின் சோம்பேறித்தனம் என்று தீர்ப்பெழுதிவிட்டு, ஒட்ட முடுக்கிவிடுவார். கார் ஊமையாகிவிடும். சில மாதத்தில் வால்வு கருகி, இழுவை போய், அதே கார் திரும்பி வரும். “பெட்ரோலு சரியில்ல மொதலாளி” என்பார். முதலாளிமாரும் பெட்ரோல் பங்குக்காரனைத் திட்டிவிட்டு மறுபடி அவரிடமே காரை விடுவார்கள். கூட வேலை பார்த்த உக்கிரபாண்டி தொழிலோடு சேர்த்து இந்த வசனத்தையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டான்.

சாலமோன் மனைவி தெரசாள் தறி ஓட்டுகிறவள். அவளுக்கு மட்டும் இந்த ஊமைப் பெருமை பிடிபடவே இல்லை.

“எங்க தறியில சத்தம் மாறுனா நூலு அறுந்துருச்சுன்னு ஓடுவோம். உங்களுக்கு எஞ்சினு எதுவுமே சொல்லக்கூடாதாக்கும்?” என்றாள் ஒரு தடவை.

பொம்பளைக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டு, அவர் பேச்சை முடித்துவைத்தார்.

எழுபத்தொன்றில் சௌந்தரபாண்டியன் வந்து சேர்ந்தான். பருத்தி மண்டிக்காரர் மகன். படிக்கிறேன் என்று மெட்ராஸ் போனவன், சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்துப் பைத்தியம் முற்றி, ஒரு பழைய காரோடு வந்து நின்றான். வேகம் கூடினால் வால்வு மூடி முடிப்பதற்குள் அடுத்த தட்டு விழுந்துவிடுகிறது, எஞ்சின் திக்குகிறது, இதைச் சரிபண்ணி ஒரு ரேஸை முழுசாக ஓடவைத்தால் மெட்ராஸில் ஒர்க்‌ஷாப் வைத்துத் தருகிறேன் என்றான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூவாக இருந்தவருக்கு ஆலைக்கே அழைப்பு வந்துவிட்டது. அன்றைக்கே சாலமோன் ஊருக்குப் பிரியாவிடை சொல்ல ஆரம்பித்தார். ‘ரேஸ் கார் நிபுணர்’ என்று போர்டும் எழுதியாயிற்று.

உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், அவர் முதலில் செய்தது நல்ல வேலை. தறிக்கூடத்தில் கழித்துப்போட்ட சின்ன ஸ்பிரிங்குகளைப் பொறுக்கி வந்து, வால்வு ஸ்பிரிங்குக்குள் இன்னொன்றாகச் சொருகினார். இரட்டை ஸ்பிரிங்கின் இழுப்பில் வால்வு சட்டென்று மூடியது. பந்தல்குடி ரோட்டில் விட்டுப் பார்த்தால் திக்கல் போன இடம் தெரியவில்லை. லோடு லாரிக்காரர்கள் புழுதியை மட்டும் பார்த்தார்கள். அதோடு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பெயர் என்று ஒன்று இருக்கிறதே! ரேஸ் கார் சத்தம் போட்டுத்தான் ஓடும் என்று சௌந்தரபாண்டியன் எவ்வளவோ சொன்னான். அப்புறம் இதைச் சாலமோன் கார் என்று எவன் நம்புவான் என்றார் இவர். இடைவெளியை ஒட்ட முடுக்கி, நாலணாவை நிறுத்தி, ஊரையே கூட்டிக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார்.

சோழவரத்தில் கார் ஆரம்பத்தில் பறந்தது. சாலமோன் பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி ரேஸில் கார் இருமியது, புகைந்தது, ஓரமாகப் போய் நின்றது. இப்போது எஞ்சினில் துளிச் சத்தம் இல்லை. அவர் தன் பெயரைக் காப்பாற்றிவிட்டார்.

பிரித்துப் பார்த்தால் ஸ்பிரிங் எல்லாம் கல்லுமாதிரி இருந்தது. வால்வு விளிம்புதான் எலி கடித்த அப்பளமாக இருந்தது. சூட்டில் நீண்ட வால்வுக்கு மூட இடமில்லாமல், நெருப்பு அந்தச் சந்து வழியே போய்வந்திருக்கிறது. பெட்ரோலைக் குறை சொல்லவும் வழியில்லை, மற்ற கார்களும் அதே பெட்ரோலில்தான் ஓடி முடித்தன. சௌந்தரபாண்டியனை அவன் அப்பா மண்டியில் உட்காரவைத்தார். ‘ரேஸ் கார் நிபுணர்’ போர்டு கட்டிலுக்கு அடியில் போனது. சாலமோன், இத்தனை வருஷம் எத்தனை வால்வைக் கருக்கியிருக்கிறோம் என்று தெரசாளிடம் கேட்டு அழுதார்.

அதன் பிறகு அவர் ஒழுங்காக இடைவெளி விட்டார். சௌந்தரபாண்டியன் காரையும் அப்படியே சரிசெய்து கொடுத்தார். இரட்டை ஸ்பிரிங்கோடு டிக்டிக் என்று அது வருஷக்கணக்கில் மண்டிக்குப் போய்வந்தது, ஒரு வால்வு கருகவில்லை. ஊர் அதையா பார்த்தது? சாலமோனுக்குக் கை போச்சு, மெட்ராஸ் போய்க் கெட்டு வந்துட்டான், வண்டியெல்லாம் தறிமாதிரி கத்துது என்றார்கள். கார்கள் ஒவ்வொன்றாகத் தெற்கே நகர்ந்து, பந்தல்குடி ரோட்டில் உக்கிரபாண்டி புதிதாகப் போட்ட ஷெட்டில் போய் நின்றன.

மனசு கேட்காமல் சாலமோன் ஒருநாள் அங்கே போனார். நல்ல கூட்டம். நூல் வியாபாரி சீனிச்சாமியின் கார் ஓடிக்கொண்டிருந்தது, எஞ்சின் மேல் காசு விளிம்பில் நின்றது. சாலமோன் உக்கிரபாண்டியை ஓரமாகக் கூப்பிட்டு, இது வேண்டாமப்பா, வால்வு கருகிவிடும், நான் பட்டுத் தெரிந்துகொண்டேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

உக்கிரபாண்டி மரியாதையாகக் கைகட்டிக் கேட்டான். அப்புறம் சிரித்தான்.

“அது பெட்ரோலு சரியில்லாததுண்ணே. நீங்க சொல்லிக் குடுத்ததுதான?”