ரஃபில் விழுந்த பந்து

நவி மும்பை ஐரோலியில் எங்கள் கட்டிடத்துக்கு எதிரே ஓர் ஐ.டி. பார்க். மழை விட்ட காலையில் மெஷின் வைத்துப் புல் வெட்டுவார்கள். ஈரப்புல் வாசனை மூன்றாவது மாடிவரை ஏறி வரும். எல்லோரும் ஆகா என்று மூச்சை இழுப்பார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். போன வாரம் அதைப் பார்த்துவிட்டான் பக்கத்து வீட்டுப் பையன்.

"என்ன அங்கிள், புல்லு வாசம்கூட ஆகாதா?"

அவன் புதிதாக கோல்ஃப் கற்றுக்கொள்கிறவன். அறுபதுகளில் செம்பூர்ப் பக்கம் நான் கேடியாக இருந்தேன் என்று சொன்னதும் உட்கார்ந்துவிட்டான்.

கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் படம் மாட்டியிருக்குமே, அந்தக் கேடி இல்லை. சாகேப்பின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறவன். ஒரு குழியில் பந்தைப் போட இத்தனை அடி என்று ஒரு கணக்கு உண்டு, அது பார். ஒன்று குறைந்தால் பேர்டி, அன்றைக்கு நமக்கும் சாய் கிடைக்கும். ஒன்று கூடினால் போகி, நாம் தும்மினால்கூடத் திட்டு விழும். நடுவே ஒட்ட வெட்டிய புல் ஃபேர்வே, ஓரத்துக் காட்டுப்புல் ரஃப். பந்து ஆள்மேல் பாய்ந்தால் 'ஃபோர்!' என்று கத்தவேண்டும். நான் கத்தினால் தாராவிவரை கேட்கும் என்பான் காசிம்.

காசிமும் நானும் திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் ஒரே அறை. எனக்கு இருபத்திரண்டு வயது, அவனுக்கு ஒன்று கூட. கல்யாணமாகி மூன்றாம் வாரமே பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டு ரயிலேறியவன்.

செருப்பில்லாத எங்கள் கால்களுக்கு ஒரு வித்தை தெரியும். ரஃபில் கிடக்கும் பந்தைக் கால்விரல்களால் கவ்வி, குனியாமல், நடையையும் நிறுத்தாமல் கொண்டுபோய் ஃபேர்வேயில் விட்டுவிடுவோம். சாகேப்புக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். போட்டி நாளில் மட்டும் தொடக்கூடாது.

காசிமின் சாகேப்புக்குச் சொந்தமாக ஒரு தொழிற்சாலை இருந்தது. "இந்தக் கப்பை அவரு ஜெயிச்சிட்டா எனக்குப் பெர்மனென்ட் வேலையாம் மாப்ள. குவார்ட்டர்ஸ் உண்டுங்காரு. அவளக் கூட்டியாந்திருவேன்" என்று ஒரு வாரமாக அதே பேச்சு.

போட்டியன்று எனக்குப் பை கிடைக்கவில்லை. முன்னால் நின்று பந்து விழும் இடத்தைக் காட்டுவதற்காக கிளப்பே என்னை நிறுத்தியிருந்தது. கடைசிக் குழி. இரண்டு ஆட்டக்காரர்களும் சமம். காசிமின் சாகேப் அடித்த பந்து ரஃபில், என் காலடியில் வந்து விழுந்தது. நான் பார்த்தே இராத காசிமின் பெண்டாட்டி ஞாபகம் வந்தது. கால்விரல்கள் தானாகக் கவ்விவிட்டன.

எதிர் ஆட்டக்காரர் விடவில்லை. ரஃபில் விழுந்த பந்து ஃபேர்வேக்கு எப்படி வந்தது, யார் நகர்த்தியது என்று, "கிஸ்னே ஹிலாயா?" எனக் கத்தினார். அதற்குள் காசிம் பையோடு வந்து பந்தருகே நின்றிருந்தான். என் கால்விரலிடுக்கில் ஒட்டியிருந்த புல்லைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம், வேறொன்றுமில்லை.

"மேரா பைர் லகா, சாப்" என்றான், தன் கால் பட்டுவிட்டதாக.

தன் கேடியின் கால் பட்டால் ஆட்டக்காரருக்கு ஓர் அடி கூடும். அந்த ஓர் அடியில் சாகேப் தோற்றார். காசிம் சட்டையில் குத்தியிருந்த பித்தளைக் கேடி வில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, இனி வராதே என்று அனுப்பிவிட்டார்கள்.

"ரெண்டு பேரு போறதுக்கு ஒருத்தன் போனாப் போதும்லா மாப்ள" என்றான், திரும்பி வரும்போது. நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அடுத்த மாதம் உல்லாஸ்நகரில் ஏதோ பட்டறை என்று போனான், பிறகு தகவலே இல்லை.

பையன் வெகுநேரம் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அங்கிள், கிளப் நிறுத்தின ஆளு பந்தை நகர்த்தினா யாருக்கும் பெனால்ட்டி இல்லையாம். எடுத்துப் பழைய எடத்துல வெச்சு ஆடலாமாம். அந்தக் காலத்துலயும் இதே ரூல்தான். நீங்க சொல்லியிருந்தா அவருக்கு ஒரு அடிகூட ஏறியிருக்காது."

பார், பேர்டி, போகி எல்லாம் தெரிந்த எனக்கு இது தெரியாது. காசிமுக்கும் தெரியாது. அன்றைக்கு 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் பம்பாய்க்கு வந்திருக்கலாம். இப்போது சொல்லலாம் என்றால் காசிம் இல்லை. நாங்கள் இருந்த அறை இல்லை. அந்தச் சந்து முழுவதையும் இடித்துவிட்டார்கள்.