தென்னை மர உச்சியில் ஒற்றைக் காலில்

போன வாரம் கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் யாருடைய பைக்குள்ளோ ஒரு செல்போன், கைக்குழந்தை சிரிப்பதுபோலக் கெக்கெக்கென்று சிரித்தது. ஒரு காலத்தில் பாதி ஊர் வைத்திருந்த ரிங்டோன். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என் இடது கால் மட்டும் தானாக எழும்பி, மிதிக்க இடம் தேடியது. பக்கத்துச் சீட்டுக்காரம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தென்னை மரம் ஏறியவள். நம்ப மாட்டீர்கள்; இப்போது என்னைப் பார்த்தால் மாடிப்படி ஏறியவளாகக்கூடத் தெரியாது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம், மெஷின் வைத்து மரம் ஏறப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று செல்வராணிதான் இழுத்துக்கொண்டு போனாள். என் தெருக்காரி. என்னைவிட வயது இரண்டு கூடுதல், வாய் பத்து மடங்கு கூடுதல். மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. காலுக்கு ஒன்றாக இரண்டு இரும்புச் சட்டம். ஒவ்வொன்றையும் கம்பிக் கயிறு மரத்தோடு சுற்றிப் பிடித்திருக்கும். மரத்தின்மேல் சைக்கிள் மிதிப்பதுபோல மிதித்து மிதித்து ஏற வேண்டியதுதான்.

பயிற்சி கொடுத்த சார் முதல் நாளே சொன்னார்: "ஒத்தையில ஏறாதீக. கீழ ஒரு ஆள் நிக்கணும். எந்தத் தோப்புன்னு வீட்ல சொல்லிட்டுப் போகணும்." அதை நோட்டில் எழுதி, அடியில் சிவப்பு மையால் கோடும் போட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குக் கோடு போட்டதோடு கடமை முடிந்துவிடும்.

செல்வராணி ஒரு காதுகுத்துக்காக வருசநாடு போயிருந்த அன்று, எங்களுக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் ராவுத்தர் ஆள் அனுப்பினார். மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம், தேங்காய் போதவில்லை. நாலு மரம்தானே என்று கிளம்பிவிட்டேன். எங்கே போகிறாய் என்று மாமியார் கேட்டதற்கு, "சும்மா இங்கனதான்" என்றேன்.

நாலாவது மரத்தின் உச்சியில் ஒரு செவ்வெறும்பு இடது குதிகாலில் கடித்தது. காலை உதறினேன். கால் வெளியே வந்துவிட்டது. சட்டம் கடகடவென்று சறுக்கி அடிமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நாற்பதடி உயரத்தில், ஒற்றைக் காலில், மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன். இடுப்பு பெல்ட்தான் தாங்கியது. பாதுகாப்புக்காக மாட்டியிருந்தேன் என்று சொல்ல ஆசைதான். புதுசாக, நல்ல சிவப்பாக இருந்ததால் மாட்டியிருந்தேன்.

செல்போன் விழுந்து உடைந்துவிடக் கூடாதென்று கீழே சாப்பாட்டுப் பையில் பத்திரமாக வைத்திருந்தேன். அது கெக்கெக்கென்று சிரித்தது. நின்றது. மறுபடி சிரித்தது.

வலது கால் நடுங்கத் தொடங்கிய நேரம் சைக்கிளில் ஒருவர் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நான் வெட்டிப்போட்ட காய்களில் இரண்டை எடுத்துப் பையில் போட்டார். "அண்ணே" என்றேன். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். மேலே பார்க்கத் தோன்றவில்லை. தோப்பைக் காக்கிற தெய்வம் என்று நினைத்தாரோ என்னவோ, "கீழ கெடந்துச்சு தாயி" என்று காற்றிடம் சொல்லிவிட்டுக் காய்களை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"எடுத்துக்கங்கண்ணே, போயிராதீக" என்றேன். அதற்குள் சைக்கிள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிவிட்டது. அப்போதுதான் அழுகை வந்தது. வீட்டில் பிள்ளைக்கு ஒன்றரை வயது. இங்கனதான் என்று சொல்லிவிட்டு வந்தவளை எங்கன போய்த் தேடுவார்கள்?

தேடியவள் செல்வராணி. விருந்தில் கறி மிஞ்சிவிட்டது, தூக்குவாளியில் கொண்டுவரட்டுமா என்று கேட்கத்தான் அத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாள். நான் எடுக்காததால் வீட்டுக்குப் போட்டாள். சும்மா போயிருக்கிறாள் என்றார் மாமியார். "அவ சும்மான்னா தோப்புதான் அத்தை" என்று சொல்லிவிட்டு உடனே ராவுத்தரைக் கூப்பிட்டாள்.

ராவுத்தர் மொபெட்டில் வந்தார். தலை பாதி கறுப்பு, பாதி வெள்ளை. கல்யாணத்துக்காக டை அடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே கிளம்பி வந்துவிட்டார். அண்ணாந்து பார்த்தார்.

"அங்கன என்னம்மா பண்ற?"

"நிக்கிறேன் பாய்."

குலை இறக்குவதற்காக இடுப்பில் வைத்திருந்த கயிற்றைக் கீழே விட்டேன். அவர் சட்டத்தைக் கழற்றிக் கட்டிவிட, நான் இழுத்து மரத்தில் சுற்றி மாட்டி, காலை நுழைத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷ வேலை. கீழே ஓர் ஆள் நின்றிருந்தால் அந்த ஐந்து நிமிஷத்தோடு போயிருக்கும். அதற்குள் சாயம் அவர் நெற்றிக்கு இறங்கிவிட்டது. "என் தலையப் பாக்காதம்மா, கால் வைக்கிற எடத்தப் பாத்துப் பைய எறங்கு" என்றார். கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் அந்தக் கறை இருந்தது.

சாயங்காலம் செல்வராணி தூக்குவாளியோடு வந்தாள். "நீ செத்திருந்தா இந்தக் கறிய யாருக்குடி குடுக்கிறது?" என்றாள். திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே ஊட்டிவிட்டாள்.

அதன்பிறகு ஒருத்தி ஏறினால் ஒருத்தி கீழே நின்றோம். அவள் நின்றால் வாயும் நிற்காது. ஊர்க்கதை முழுவதையும் நான் மர உச்சியிலிருந்துதான் கேட்டேன். என் பக்கம் சத்தம் இல்லையென்றால், "ஏடி, இருக்கியா?" என்பாள்.

"செத்துட்டேன்."

"சரி, அந்தக் காஞ்ச மட்டையையும் வெட்டிட்டு எறங்கு."

அந்தத் தோப்பில் இப்போது மஞ்சள் அடித்த கல் ஊன்றி, மனை போட்டுவிட்டார்கள். செல்வராணி முட்டி தேய்ந்து, கட்டப்பனையில் மகளோடு இருக்கிறாள். பொங்கலுக்குப் போன் பண்ணுகிறாள், பாதி மலையாளம்.

நேற்று பரண்மேலிருந்து இட்லிக் கொப்பரையை எடுக்க ஸ்டூலில் ஏறினேன். ஸ்டூல் ஆடியது. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே, "செத்துட்டேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்து, "என்ன?" என்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, கொப்பரையை எடுக்காமலே இறங்கினேன்.